பின்சீட்டு லைசென்ஸ்

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவன் லைசென்ஸ் எடுத்தால் அவனுக்கு நட்டம் என்று சாதித்த மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை. சாக்பீஸை எடுத்து லேத் மெஷினின் பக்கவாட்டில் கோடு கிழித்து, செலவு ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று எழுதிக் காட்டுவார். செலவுப் பக்கம் கீழே இறங்கிக்கொண்டே போகும். வரவுப் பக்கத்தில் ஒரே ஒரு சைபர் இருக்கும். சூப்பர்வைசர் தலை தெரிந்ததும் எண்ணெய்த் துணியால் அத்தனையையும் துடைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பார்.

நான் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். ஒரே கம்பெனி, ஒரே ஷிப்டு. மூக்கண்டப்பள்ளியில் ஒரே லைன் வீட்டில் அவருக்கும் எனக்கும் நடுவே ஒரு சுவர்தான். நான் பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்தவன். அவருக்குச் சொந்த ஊர் தளிக்கு அப்பால் ஜவளகிரி. அங்கே ராகி விளைகிற கொஞ்சம் நிலம் இருந்தது. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பேரம் பேசுவார், ஆனால் கணக்கு மட்டும் கன்னடத்தில்தான் போடுவார். அவர் உதடு 'ஒந்து, எரடு, மூரு' என்று அசைய ஆரம்பித்தால் எதிரில் இருப்பவனுக்கு ஏதோ செலவு வரப்போகிறது என்று அர்த்தம்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவர் வீட்டிலிருந்து யாராவது கிளம்பி வந்து, இதை எழுதியதில் உனக்கு எவ்வளவு வந்தது, அதில் எங்களுக்கு எவ்வளவு என்று கேட்பார்கள். அந்த ரத்தம் அப்படி.

அவருடைய வாதம் இதுதான். லைசென்ஸ் வேண்டுமென்றால் தர்மபுரிக்குப் போக வேண்டும். எல்.எல்.ஆருக்கு ஒரு தடவை, எட்டு போட்டுக் காட்ட ஒரு தடவை. இரண்டு நாள் சம்பளம் போச்சு. பஸ் செலவு, சாப்பாடு, போட்டோ, டாக்டர் சர்டிபிகேட், பாரம் நிரப்பிக் கொடுக்கிறவருக்குக் கூலி, கட்டணம். இத்தனையும் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது கையில் என்ன இருக்கும்?

"ஒரு சின்னப் புக்கு. அதுல நம்ம மூஞ்சி. நம்ம மூஞ்சி நமக்குத் தெரியாதா?" என்பார். "வண்டி ஓட்டறது எனக்கு ஏற்கனவே தெரியும் தம்பி. தெரிஞ்ச வேலைக்கு என்னாத்துக்கு இன்னொருத்தனுக்குக் காசு குடுக்கணும்?"

போலீஸ் பிடித்தால் என்று யாராவது கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தார். பிடித்தால்தானே அபராதம், பிடிக்காத நாளெல்லாம் லாபம் என்பார். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டே எனக்கு ரத்தக் கொதிப்பு வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெங்களூரில் பட்டாளத்து ஏலத்தில் அவருடைய சித்தப்பா யாரோ எடுத்து, அவரிடமிருந்து இவர் வாங்கிய பச்சை வண்டி. உதைத்தால் உடனே கிளம்பாது. கிளம்பிவிட்டால் மூக்கண்டப்பள்ளி முழுக்க அது தெரியும். ஆனால் சரிவு என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் உடனே எஞ்சினை அணைத்துவிடுவார். பெட்ரோல் மிச்சமாம். அப்போது அந்த வண்டி சத்தமே இல்லாமல் காற்றில் போகும். கூப்பிடு தூரத்துக்குக் கேட்கிற அதன் ஆரனும் எஞ்சின் ஓடினால்தான் அடிக்கும். நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். இறக்கத்தில் வண்டி தானாகப் போகிறது, அதற்கு எதற்குத் தீனி போடவேண்டும் என்றார்.

இனி நான் மாட்டிக்கொண்ட கதை. எனக்குக் கல்யாணமான புதிதில், "லைசென்ஸ் எடுத்து வையுங்க மாப்பிள, வண்டி நான் எடுத்துத் தரன்" என்றார் மாமனார். நான் எடுத்தேன். அவர் எடுத்துத் தரவில்லை. அது தனிக் கதை, அதைப் பேசினால் என் வீட்டில் இன்றைக்கும் சோறு கிடைக்காது. எட்டு போடுவதற்கு ஒரு வண்டி வேண்டுமே. இவரிடம் போய்க் கேட்டேன்.

கரண்ட் வெட்டால் கம்பெனியை மூடிய ஒரு நாளில் தர்மபுரிக்குக் கிளம்பினோம். வண்டியை என்னை நம்பிக் கொடுக்க மனமில்லாமல் அவரும் வந்தார். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வழியாகத் தர்மபுரி வரைக்கும் லைசென்ஸ் இல்லாத அவர்தான் ஓட்டினார். ஆபீசுக்கு இரண்டு தெரு முன்னால் நிறுத்தி, இறங்கி, "இனிமே நீ" என்றார். வழியெல்லாம் நான் கெஞ்சிக்கொண்டு வந்தேன். அண்ணா, இன்றைக்குச் சம்பளமும் போகவில்லை, பஸ் செலவும் இல்லை, வந்தது வந்தோம், நீங்களும் எல்.எல்.ஆருக்கு எழுதிப் போட்டுவிடுங்கள் என்று. அப்படிப் போட்டால் எட்டு போட இன்னொரு நாள் வரவேண்டும், அன்றைக்குக் கரண்ட் போகும் என்று கவர்ன்மெண்ட் எழுதிக் கொடுக்குமா என்று கேட்டார்.

எட்டு போட்டேன். கால் தரையில் படவில்லை. இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். வெளியே வந்ததும், அங்கே காத்திருந்தவர் என்னைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து டயரைத் தடவிப் பார்த்தார்.

"எட்டு போட்டது நீ. வளைஞ்சது என் வண்டி. அப்ப இந்த லைசென்ஸ்ல பாதி என்னுது. சரிதான?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்து கதவைத் தட்டினார். ஜவளகிரிக்குப் போக வேண்டும், வா என்றார். எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன். உனக்கு வேலை இல்லை, லைசென்சுக்கு இருக்கிறது என்றார். அப்படி ஆரம்பித்ததுதான். ஏழெட்டு வருடம் என் ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வண்டியின் பின்சீட்டில் போயின.

முறை என்னவென்றால், அவர்தான் ஓட்டுவார். செக்போஸ்டோ, போலீஸ் நிற்கிற இடமோ வருவதற்குக் கொஞ்சம் முன்னால் புளியமரமாகப் பார்த்து ஓரம் கட்டுவார். இருவரும் இறங்குவோம். நான் முன்னால், அவர் பின்னால். பின்னால் உட்கார்ந்ததும் அந்த முகத்தில் ஒரு பணிவு வரும் பாருங்கள், யாரோ பாவம் என்று ஏற்றிக்கொண்டு போகிற ஆள் மாதிரி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வார். நான் வண்டியை ஓட்டிக்கொண்டு போலீஸைக் கடப்பேன். அவர்கள் பார்வையிலிருந்து மறைந்ததும் தோளில் ஒரு தட்டு விழும்.

"போதும் இறங்கு. கிளட்ச் தேயுது."

பெட்ரோலுக்காகக் கர்நாடக எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி வரைக்கும் போவோம். அந்தப் பக்கம் லிட்டருக்குச் சில பைசா மலிவு என்பது அவர் நம்பிக்கை. போய்வருகிற பெட்ரோலை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார். கேட்டால், "அது ஊர் சுத்தற செலவு, வேற தலைப்பு" என்பார். போகிற வழியில் ஜூஜுவாடியில் ஒருநாள் நாங்கள் இடம் மாறுவதை ஒரு கான்ஸ்டபிள் பார்த்துவிட்டார். கைகாட்டி நிறுத்தி, எதற்காக மாறினீர்கள் என்று கேட்டார்.

"தம்பிக்குப் பின்னால உக்காந்து கால் மரத்துப்போச்சிங்க சார். அதான் கொஞ்ச தூரம் ஓட்டட்டும்னு விட்டன்."

கான்ஸ்டபிள் என் லைசென்ஸைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அடுத்த வாரமும் அவரே நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிறுத்தாமலேயே, "இன்னிக்கும் காலு மரத்துப்போச்சா?" என்று கேட்டார். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம்போல் இருந்தது. பின்னால் இருந்தவர், "ஆமாங்க சார், ரத்த ஓட்டம் சரியில்ல. டாக்டர்கிட்ட காட்டணும்" என்று பதில் சொல்லிக்கொண்டு வந்தார்.

கம்பெனியில் என் பெயரே லைசென்ஸ் ஆகிவிட்டது. கேட்டில் பஞ்ச் அடிக்கும்போது, "என்ன லைசென்ஸ், வண்டி இன்னும் வரலியா?" என்று கேட்பார்கள். வீட்டில் என் மனைவி சாந்தா இன்னும் ஒரு படி மேலே போனாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி எடுத்து வந்து வைத்துவிட்டு நான் சட்டையை மாட்டும்போது, "நான் உங்களக் கட்டினனா, அவரு உங்களக் கட்டினாரான்னு எனக்கு இன்னிக்குத் தெரியணும்" என்றாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "அம்மா, கறியை இறக்கி வையி. ரெண்டு மணிக்குள்ள கொண்டாந்து விட்டுடறன்" என்று குரல் வந்தது.

கொண்டுவந்து விடுகிறபோது வெறுங்கையாக விடமாட்டார். ஜவளகிரியிலிருந்து அவரைக்காயோ, கீரையோ, பருவத்தில் பலாவோ எனக்கு ஒரு பங்கு வரும். அதை அன்பாகக் கொடுத்துத் தொலைத்தால் என்ன? கொடுக்கும்போதே, "இது உன் பாதிக்கு வாடகை" என்று சொல்லித்தான் கொடுப்பார். சாந்தா அந்தக் கீரையைக் கழுவும்போதெல்லாம் முணுமுணுப்பாள்.

ஒருமுறை அவர் மச்சான் பெங்களூருக்கு ஒரு மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மச்சானுக்கும் லைசென்ஸ் கிடையாது, குடும்பக் கொள்கை. காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், முன்பின் தெரியாத ஒருவர் வந்து நின்று, "மாமா சொன்னாரு, கிளம்பலாங்களா?" என்கிறார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நேராக அவரிடம் போனேன். என்னைக் கேட்காமல் எப்படி என்னை இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்று சண்டை பிடித்தேன்.

"உன்ன எங்கப்பா குடுத்தன்? உன் பாதி உன்கிட்டதான இருக்குது. என் பாதியதான் குடுத்தன்" என்றார்.

அந்த மச்சான் பின்னால் உட்கார்ந்து பெங்களூர் வரைக்கும் நான் ஓட்டுவதைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். அதுவும் குடும்பக் கொள்கைபோலும்.

இதையெல்லாம்விட எனக்கு ஆறாத வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. கம்பெனியில் சாமான் எடுத்துவர ஓர் ஆள் தேவைப்பட்டது. மோட்டார் சைக்கிளில் அத்திப்பள்ளி, பெங்களூர் என்று போய்வர வேண்டும். சம்பளம்போக தினப்படி, பெட்ரோல் கம்பெனியுடையது. கன்னடமும் தெலுங்கும் பேசத் தெரிந்தவராக இருந்தால் நல்லது என்றார் மேனேஜர். அவருக்காகவே அளவெடுத்துத் தைத்த வேலை. மேனேஜரே கூப்பிட்டுக் கேட்டார், லைசென்ஸ் இருக்கிறதுதானே என்று. எடுத்துவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டார்.

அன்றைக்கு மெஷின் பக்கத்தில் அவர் எழுதிய கணக்கை நான் மறக்கவில்லை. முதல் தடவையாக வரவுப் பக்கம் செலவுப் பக்கத்தைவிட நீளமாக இருந்தது. அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு செலவுப் பக்கத்தில் ஒவ்வொன்றாகச் சேர்க்க ஆரம்பித்தார். வெளியே சாப்பிடுகிற செலவு. வெயிலில் போவதால் அடிக்கடி டீ. செருப்பு. பெங்களூர் போகிறவனிடம் சொந்தக்காரர்கள் வாங்கிவரச் சொல்லிவிட்டுக் காசு கொடுக்காமல் விடுவது. கடைசியில் லைசென்ஸ் பக்கம் தோற்றது. அந்த வேலை நேற்று சேர்ந்த ஒரு ராயக்கோட்டைப் பையனுக்குப் போனது. அவன் ஒரே வருடத்தில் சொந்தமாக வண்டி எடுத்தான்.

"பாத்தீங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"பாத்தன். அவன் செருப்பையும் பாத்தன்" என்றார்.

தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்றால் அந்தச் சுவரும் அவருக்கும் எனக்கும் பொது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜவளகிரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அவர் முன்னால், நான் பின்னால், நடுவில் அரை மூட்டை ராகி. தளியைத் தாண்டிய பிறகு ஒரு நீள இறக்கம். வழக்கம்போல எஞ்சினை அணைத்தார். வண்டி சத்தமில்லாமல் இறங்கியது. ஓரத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா தலையில் பீன்ஸ் கூடையோடு ரோட்டில் ஏறினார். வண்டி வருவது அவருக்குக் கேட்கவில்லை, கேட்க எதுவும் இல்லையே. இவர் ஆரனை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். அதுவும் அடிக்கவில்லை, பிரேக்கை மிதித்தும் இறக்கத்தில் வண்டி நிற்கவில்லை. நான் கத்தினேன். அந்த அம்மா திரும்பியபோது நாங்கள் மேலே விழுந்துவிட்டோம்.

எனக்கும் அவருக்கும் சிராய்ப்புதான். அந்த அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. பக்கத்து நிலத்திலிருந்து அவர் மருமகள் ஓடிவந்தார். தக்காளி ஏற்றிவந்த ஒரு டெம்போவை நிறுத்தி, கிரேடுப் பெட்டிகளை ஒதுக்கி அவரைப் படுக்கவைத்து ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். மருமகள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் இவர் என் காதோரம் குனிந்தார். உதடு ஏற்கனவே கன்னடத்தில் அசைந்து முடித்திருந்தது.

"தம்பி, நீ ஓட்டினன்னு சொல்லிடு."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"கோவப்படாத, கேளு. வண்டிக்கு இன்சூரன்ஸ் கீது. லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினான்னா கம்பெனிக்காரன் கைய விரிச்சுடுவான். லைசென்ஸ் கீறவன் ஓட்டினான்னா குடுத்துத்தான் ஆவணும். இந்தம்மாவுக்கு நல்லதாவே காசு வரும். எனக்கும் நட்டமில்ல, உனக்கும் நட்டமில்ல."

"எம்மேல கேஸ் வருமேண்ணா."

"அபராதம் நான் கட்டறன்."

இதில் எனக்கு இருந்த பிரச்சினை அபராதம் இல்லை. அந்த வருடம் கம்பெனியில் ஸ்டிரைக் முடிந்து ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். போலீஸ் கேஸ் என்று ஒன்று இருந்தால் அவன் பெயர்தான் முதலில் போகும் என்பது கேண்டீனில் டீ ஊற்றுகிறவருக்குக்கூடத் தெரியும். எங்கள் பெண் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். பாலக்கோட்டில் எனக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. இதெல்லாம் அவருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டார் என்பதில்தான் என் ஆத்திரம்.

ஆனால் அவர் சொன்னதில் ஒன்று என்னை உறுத்தியது. அந்த அம்மாவுக்குக் காசு வரும் என்பது நிஜம். நான் ஒரு பொய் சொன்னால் வரும். உண்மையைச் சொன்னால், இந்தக் கஞ்சனிடமிருந்து அவர் எப்படி வாங்குவார் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சாந்தா எப்படியோ செய்தி கேட்டு ஓடிவந்துவிட்டாள். கூடவே அவர் மனைவியும். இவர் அங்கேயும் அதையே ஆரம்பித்தார். சாந்தா அவரை முழுதாகப் பேசவிடவில்லை.

"அண்ணா, இத்தினி வருசமா ஞாயித்துக்கிழமைய எடுத்துக்கினீங்க, நான் ஒண்ணும் கேக்கல. இப்ப வேலையவும் கேக்கறீங்க. வேலை போச்சின்னா நாங்க எங்கண்ணா போவோம்?"

சத்தம் போடாமல்தான் கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. இந்த நேரத்திலும் கணக்குதானா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய் அவர் எதிரில் நின்று, "நான் சொல்லமாட்டண்ணா. உங்க பாதிய நீங்களே வச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கட்டுப் போட்டுப் படுக்கவைத்திருந்த அந்த அம்மாவிடம் போலீஸ்காரர் ஒருவர் வந்து, ஓட்டியவன் யார் என்று பார்த்தாயா என்று கேட்டார்.

"எவன் ஓட்டினா எனக்கென்னப்பா? அறுப்பு நேரத்துல நான் படுத்துக்கினா வூட்டுல யாரு உலை வெப்பாங்க, அதச் சொல்லு" என்றார் அவர்.

சாயங்காலம் ஸ்டேஷனில் இருவரும் நின்றோம். அந்த அம்மாவின் மருமகளும் ஓரமாக நின்றிருந்தார். சேலையெல்லாம் தக்காளிச் சாறு காய்ந்திருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு ஓட்டினது?"

சொல்லமாட்டேன் என்று அவ்வளவு வீறாப்பாகச் சொன்னவனுக்கு, அந்த மருமகளின் முகத்தைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை. அந்தப் பெண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமென்று சொல்வதா, இல்லையென்று சொல்வதா என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"நான்தானுங்க சார்" என்றது பக்கத்துக் குரல்.

"லைசென்ஸ் எங்க?"

"இல்லீங்க."

சப்-இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பி, உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார். அவருக்கு நம்ப முடியவில்லை.

"லைசென்ஸ் இருக்கறவன் பின்னால உக்காந்து வரான், இல்லாதவன் ஓட்டறான். இவன ஓட்டச் சொல்றதுக்கு என்னய்யா உனக்கு?"

என் பக்கத்தில் நின்றவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

"அவனுக்கு வண்டி சரியா ஓட்ட வராதுங்க சார்" என்றார்.

எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். சப்-இன்ஸ்பெக்டரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னைக் காப்பாற்றிய அந்த மனிதரை அந்த இடத்திலேயே கழுத்தை நெரித்துவிடலாம்போல் இருந்தது எனக்கு. அந்த வண்டியை ஓட்டி எட்டு போட்டவன் நான்.

அப்புறம் நடந்ததெல்லாம் அவர் எழுதாத கணக்கு. கோர்ட்டில் அபராதம் கட்டினார். இன்சூரன்ஸ் கைவிரித்தது. அந்த அம்மாவின் ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பேசி ஒரு தொகை சொன்னார்கள். பேரம் பேசுவார் என்று நினைத்தேன். பேசாமல் ஒத்துக்கொண்டார். பச்சை வண்டி போயிற்று, ஜவளகிரி நிலத்தில் தண்ணீர் பாய்கிற பாகமும் விலைக்குப் போயிற்று. இரண்டு மாதம் கழித்து கம்பெனியில் ஆள் குறைப்புப் பட்டியல் ஒட்டினார்கள். அவர் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை.

வீட்டைக் காலிசெய்த அன்று நானும் சாமான் ஏற்றினேன். பாத்திர மூட்டை, ராகிக் களி கிண்டுகிற கோல், இரும்புக் கட்டில். அவர் டெம்போக்காரரிடம் கன்னடத்தில் வாடகையைக் குறைத்துக்கொண்டிருந்தார். சாந்தா காபி கொண்டுவந்து கொடுத்தாள், வாங்கிக் குடித்தார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. டெம்போவில் என்னைச் சொல்லச் சொன்னீர்கள், ஸ்டேஷனில் ஏன் மாற்றிக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. ஒன்றும் தெரியாதவனிடம் அரிச்சுவடியை விளக்குகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"டெம்போவுல நான் அபராதத்த மட்டும்தான் சேத்தன். உன் வேலைய சேக்கல. உன் பொண்டாட்டி சொன்னப்பறம் பெஞ்சில உக்காந்து திரும்பப் போட்டன். அந்தம்மாவுக்குன்னா ஒரு தடவ குடுத்தா முடிஞ்சுபோச்சி. உன் வேலை போச்சின்னா, மாசாமாசம் உன் வூட்டுக்கு நான் குடுக்கணும். உன் பொண்ணு படிச்சி முடிக்கற வரைக்கும். கட்டிக் குடுக்கற வரைக்கும். எவ்ளோ ஆவுது? நீயே சொல்லு, எது நட்டம்?"

சொல்லிவிட்டு டெம்போவில் ஏறி, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை, சாந்தா கேட்கவில்லை, எந்தச் சட்டமும் கேட்டிருக்காது. அத்தனை செலவையும் ஒன்றுவிடாமல் சேர்க்கத் தெரிந்த மனிதருக்கு, கொடுக்காமல் இருந்துவிடலாம் என்ற ஒன்று மட்டும் தோன்றவே இல்லை.